காற்றைப் பூட்டி வைத்த குசினிகள்

*எரிவாயுச் சிலிண்டருக்கு அஞ்சப் பழகிய யாழ்ப்பாணம், அடுப்பங்கரையின் காற்றோட்டத்தை எண்ணிப் பார்க்கத் தவறிய கதை*

2021ஆம் ஆண்டின் மார்கழி மாதத்தில், வாடைக்காற்றோடு மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு காலை வேளையில், மானிப்பாய்ப் பக்கத்து ஒழுங்கையொன்றினூடாகச் சென்றவருக்கு, யாழ்ப்பாணத்தில் அதற்குமுன் ஒருகாலும் கண்டிராத காட்சியொன்று காணக் கிடைத்தது. வளவுக்கு வளவு, மாமரத்தடியிலும், கிணற்றுக்கட்டின் ஓரத்திலும், கோழிக்கூட்டுத் தாழ்வாரத்தின் கீழும், நீல நிறத்தனவும் மஞ்சள் நிறத்தனவுமான எரிவாயுச் சிலிண்டர்கள், சில ஈரச் சாக்குப் போர்த்தும் சில போர்த்தாமலும், வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தன. ஒரு படலையடியில், புதிய சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்த இளைஞனை மறித்துக்கொண்டு ஒரு முதிய தாயார் நின்றார்.

"தம்பி, உள்ளுக்குக் கொண்டு போகாதை ராசா. உந்த வேலிக்கரையிலை இறக்கிப் போட்டுப் போ."

"மழை படுமே அம்மா?"

"படட்டும். வெடிச்சால் வேலிதானே போகும்."

அந்த நாட்களில் தீவெங்கும் பரவியிருந்த பீதியின் சாராம்சம் முழுவதும் அந்தத் தாயாரின் கடைசி வாக்கியத்தில் அடங்கியிருந்தது. தொலைக்காட்சிச் செய்திகள் நாள்தோறும் சிதறிய கண்ணாடி அடுப்புகளையும் கருகிய சுவர்களையும் காட்டிக்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கான சம்பவங்கள் பதிவாகின. சில உயிர்களும் போயின. நாலு வருஷங்களாகக் குசினியின் மூலையில் சத்தமின்றி இருந்த இரும்புப் பாத்திரம் ஒரே வாரத்தில் எமனின் வாகனமாகத் தோற்றமளிக்கலாயிற்று.

அச்சம் நியாயமானதே. ஆயினும் அந்த அச்சம் எதை நோக்கிப் பாய்ந்தது, எதைக் காணாமல் விட்டது என்ற விசாரணை நம் மத்தியில் இன்னும் சரிவர நடைபெறவில்லையென்பதே என் அபிப்பிராயம். சிலிண்டரை எல்லோரும் பார்த்தார்கள். அது வைக்கப்பட்டிருந்த அறையைப் பார்த்தவர்கள் சிலரே.

## கலவையில் வந்த மாற்றம்

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீட்டுச் சமையலுக்கு வரும் திரவப் பெற்றோலிய வாயு, புரப்பேன், பியூற்றேன் என்னும் இரண்டு வாயுக்களின் கலவை. குளிர்தேசங்களில் புரப்பேன் கூடுதலாக வேண்டும், ஏனெனில் உறைநிலைக்கு அண்மையிலேயே பியூற்றேன் ஆவியாக மறுத்துவிடும். எப்பொழுதும் வெயிலடிக்கும் நம்முடைய நாட்டில் பியூற்றேன் மிகுந்த கலவையே போதுமானது, பாதுகாப்பானதும்கூட. 2021இல் அந்த விகிதாசாரம் மாறிவிட்டதென்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் உயரதிகாரி ஒருவரே வெடிப்புகளுக்குப் பல மாதங்கள் முன்னர் எச்சரித்திருந்தார். கார்த்திகை முடிவில் ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகேயின் தலைமையிலான குழு, விபத்துகளுக்குப் பிரதான காரணம் இந்தக் கலவை மாற்றமே என்று முடிவு கூறிற்று. அதே காலத்தில், கசிவைக் காட்டிக்கொடுக்கும் துர்க்கந்தத்துக்காகச் சேர்க்கப்படும் எதில் மேர்கப்டான் போதாதென்ற காரணத்தால், கப்பலொன்றில் வந்த வாயு துறைமுகத்திலே மறுக்கப்பட்டது.

இதன் சூட்சுமம் அமுக்கத்தில் இருக்கிறது. 30 பாகை வெப்பத்தில் தூய பியூற்றேன் சிலிண்டருக்குள் செலுத்தும் அமுக்கம் வளிமண்டலத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு; தூய புரப்பேனோ ஏறக்குறைய பதினொரு மடங்கு. புரப்பேன் கூடக் கூட அமுக்கமும் ஏறும். தேய்ந்த ரெகுலேற்றரும், வெடிப்பு விழுந்த றப்பர்க் குழாயும், இறுக்கந் தளர்ந்த கிளிப்பும் பழைய அமுக்கத்தை எப்படியோ தாங்கிக்கொண்டிருந்துவிட்டுப் புதியதற்குத் தோற்றுப்போகும். சிலிண்டரின் உருக்கு உடம்பு இதனிலும் பன்மடங்கு அமுக்கத்தைத் தாங்குமாறு செய்யப்பட்டதாகையால், பெரும்பாலான வீடுகளில் 'சிலிண்டர் வெடித்தது' என்று சொல்லப்பட்டபொழுது உண்மையில் வெடித்தது சிலிண்டரன்று. வெளியே கசிந்து, அறையில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருந்த காற்றும் வாயுவும் சேர்ந்த கலவையே வெடித்தது.

இந்த இடத்தில்தான் அறை விசாரணைக்குள் வருகிறது.

> பெட்டி: அடுப்பின் கணக்கு
>
> புரப்பேன் காற்றைப் போல் ஒன்றரை மடங்கு கனமானது. பியூற்றேன் இரு மடங்கு. இரண்டும் தரையை நாடும்.
>
> ஒரு லீற்றர் திரவம் ஏறத்தாழ 250 லீற்றர் வாயுவாக விரியும்.
>
> காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்களவு வாயு சேர்ந்தாலே தீப்பற்றும் நிலை உண்டாகும். பத்துப் பங்கை நெருங்கினால் காற்றுப் போதாமல் பற்றாது.
>
> ஒரு கன அடி புரப்பேன் முற்றாக எரிய 24 கன அடி காற்று வேண்டும், பியூற்றேனுக்கு 31.
>
> ஒரு கிலோ வாயு எரிந்து முடிய, ஏறக்குறைய மூன்று கிலோ காபனீரொட்சைட்டும் ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட நீராவியும் குசினிக் காற்றில் சேரும்.

## பழைய குசினியும் புதிய குசினியும்

யாழ்ப்பாணத்துப் பழைய வீட்டில் குசினி தனிக்கட்டிடம். தலைவாசலிலிருந்தும் விறாந்தையிலிருந்தும் சற்று விலகி, தென்கிழக்கு மூலையாகிய அக்கினி மூலையில், மண்சுவரும் பனையோலைக் கூரையுமாக அது நின்றது. சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு முழத்துக்கு வெளி விட்டிருந்தார்கள். சிலர் அந்த வெளியைப் பனைமட்டை வரிச்சினால் மறைத்தார்கள், சிலர் மறைக்கவுமில்லை. சோளகம் வீசும் காலத்தில் புகை வீட்டுப் பக்கம் திரும்பாமல் பெரும்பாலும் கிழக்கே போய்விடும். அந்த ஏற்பாடு சாஸ்திரத்தினால் வந்ததோ, அனுபவத்தினால் வந்து பின்னர் சாஸ்திரமாயிற்றோ, அதைப் பண்டிதர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். காற்றுக்கு வழி விட்டுத்தான் அடுப்பு மூட்டவேண்டும் என்ற ஞானம் அந்தக் கட்டிடத்தின் அமைப்பிலேயே இருந்தது.

அந்தக் குசினியைப் புண்ணிய க்ஷேத்திரமாக வர்ணிப்பவர்களோடு நான் உடன்படேன். ஊமலும் கொக்கறையும் பன்னாடையும் காய்ந்த மட்டையும் எரித்து, குனிந்து குனிந்து அடுப்பூதி, நாற்பது வயதுக்குள் கண்ணும் நெஞ்சும் கெட்ட ஸ்திரீகள் எத்தனை பேர்! யுத்தத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயும் அருமையானபோது மரத்தூள் அடுப்பும் உமி அடுப்பும் வந்தன. அவற்றின் புகையைச் சுவாசித்தவர்கள் இன்றைக்கும் மழைக்காலத்தில் இருமிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டினுள் எரியும் விறகு முதலியவற்றின் புகையால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் மடிகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே காஸ் அடுப்பு வந்ததை ஒரு விமோசனமாகவே கருதவேண்டும்.

விமோசனம் வந்த விதத்தில்தான் கோளாறு நேர்ந்தது. யுத்தம் முடிந்தபின், கனடாவிலும் லண்டனிலும் பாரிஸிலும் உள்ள பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் வீடுகள் புதுப்பிக்கப்பட்டபொழுது, தனியே நின்ற குசினி இடிக்கப்பட்டு, சாப்பாட்டறைக்கு அடுத்ததாக வீட்டின் உள்ளே இழுக்கப்பட்டது. கூரைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த வெளி கொங்கிறீட் தட்டினால் மூடப்பட்டது. யன்னலுக்கு அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி வந்தது. அந்தக் கண்ணாடியோ நுளம்புக்கும் கள்ளனுக்கும் அஞ்சிச் சாத்தியபடியே கிடக்கிறது. சுவரைச் சுற்றிப் பான்றி அலுமாரிகள் வந்தன. அவற்றுள் ஒன்றின் கதவைத் திறந்தால், குப்பை வாளிக்குப் பக்கத்தில், பார்வைக்கு அழகில்லையென்ற ஒரே காரணத்தால் மறைக்கப்பட்ட சிலிண்டர் இருக்கிறது. முழத்தளவு வெளியை வேண்டிநின்ற பழைய அக்கினியை நாம் வெளியேற்றவில்லை. அதன் உருவத்தை மாற்றி, காற்றில்லாத அறைக்குள் குடியேற்றியிருக்கிறோம்.

## தரையில் தவழும் அபாயம்

பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமுமுள்ள ஒரு குசினியை எடுத்துக்கொள்வோம். கசியும் வாயு அறை முழுவதும் சீராகக் கலந்தால், தீப்பற்றும் அளவை எட்டுவதற்கு ஒரு கிலோவுக்குமேல் வாயு வேண்டும். ஆனால் அது சீராகக் கலப்பதில்லை. கவிழ்ந்த குடத்து நீரைப் போலத் தரையில் படர்ந்து, மூலைகளையும் அலுமாரி அடிகளையும் நாடிச் சென்று அங்கே தேங்கும். தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் அது படிந்துவிட்டதாகக் கொண்டால், சுமார் 125 கிராம் வாயுவே அந்தப் படையை வெடிக்கத்தக்க கலவையாக்கப் போதும். நம் வீடுகளுக்கு வரும் 12.5 கிலோ சிலிண்டரில் அது சரியாக நூற்றில் ஒரு பங்கு. அலுமாரிக்குள் கசிந்தாலோ, அந்த நூற்றில் ஒரு பங்கும் வேண்டியதில்லை.

இரவு முழுவதும் மெல்லக் கசிந்து, விடியற்காலையில் தேநீர் வைக்க எழுந்தவர் மின்விளக்கின் ஆளியைத் தட்டியவுடன் நேர்ந்த விபத்துகளின் வரலாறு இதுதான். நின்ற நிலையில் நமது மூக்கு தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. வாயுவோ கணுக்காலளவில் இருக்கிறது. மணம் நம்மை எட்டும் முன்னர், குளிர்சாதனப் பெட்டியின் அடியிலுள்ள மின்பொறி அதை எட்டிவிடக்கூடும்.

இதற்கு வேண்டிய பரிகாரம் வியக்கத்தக்க அளவுக்கு எளியது: தரைமட்டத்தை ஒட்டி, வெளிச்சுவரில், வெளிக்காற்றுக்கு நேரே திறக்கும் ஒரு துவாரம். சிலிண்டரை அலுமாரிக்குள்தான் வைக்கவேண்டுமென்று பிடிவாதம் பிடிப்பவர் அந்த அலுமாரியின் அடியிலும் மேலும் காற்றுப் போக வழி விட்டு, அடித்துவாரத்தை வெளிச்சுவருக்கூடாகவே கொண்டுசெல்ல வேண்டும். அலுமாரியிலிருந்து குசினிக்குள் திறக்கும் துவாரம் அபாயத்தை இடம் மாற்றுவதேயன்றி நீக்குவதன்று. சிலிண்டரை வெளியே வைத்துச் சுவரூடாகக் குழாய் விடுவது உத்தமம். ஆனால் அந்த மார்கழியில் பலர் செய்ததுபோலக் கிணற்றுக்கட்டின் ஓரத்தில் வைப்பது அவ்வளவு புத்திசாலித்தனமன்று. கனமான வாயு பள்ளத்தை நாடும். குசினிக் கழிவுநீர்க் கானும் கிணறும் அதற்கு இயற்கையான தேக்கங்கள். வெளியே வைக்கும்பொழுது நிழல் வேண்டும், நிமிர்ந்து நிற்கவேண்டும், அடியில் ஈரம் தங்காத கல் வேண்டும். ஊர்காவற்றுறையிலும் காரைநகரிலும் வடமராட்சிக் கரையோரத்திலும் உப்புக்காற்றினால் கிளிப்பும் சிலிண்டரின் அடிவளையமும் துருப்பிடிக்கும் வேகம் உள்ளூர்வாசிகளுக்குத் தெரியாததன்று.

குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டுமென்று யாராவது சொன்னால், நன்றாகத்தானே இருக்கிறது என்று நாம் பதில் சொல்வோம். நன்றாக இருப்பது வெளித்தோல். அலுமாரிக்குப் பின்புறமாகப் போகும் பகுதியை எலி கடித்திருப்பதை, அலுமாரியை நகர்த்தாமல் எவரும் அறியமுடியாது. சவர்க்கார நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை. நெருப்புக்குச்சியைக் கொண்டு பார்ப்பவர்களும் நம்மூரில் இருக்கிறார்கள்; அவர்களுக்கு இதுவரை கைகொடுத்தது அதிர்ஷ்டமேயன்றி அறிவு அன்று.

## மேலே போகவேண்டியது

கசியும் வாயு கீழே போகிறது. எரிந்த வாயு சூடாகி மேலே போகிறது. ஆகையால் குசினிக்கு இரண்டு வாசல் வேண்டும். பலருக்கு இந்த இரண்டாவது வாசலைப் பற்றி ஒரு விசித்திரமான நம்பிக்கை இருக்கிறது: அடுப்புக்கு மேலே ஒரு 'ஹூட்' மாட்டிவிட்டால் போதுமென்பது.

ஹூட் இரண்டு வகை. ஒன்று, ஆறங்குலக் குழாயொன்றினூடாகப் புகையைச் சுவருக்கு வெளியே தள்ளுவது. மற்றது, உலோக வலையிலும் கரித்தூள் பில்ரரிலும் காற்றைச் செலுத்தி, அதே அறைக்குள் திருப்பி விடுவது. விற்பனைக் கூடத்தில் இரண்டும் ஒரே தோற்றமுடையவை. பொருத்துபவருக்குச் சுவரைத் துளைக்கவேண்டிய சிரமம் இல்லாதது இரண்டாவது. அந்தக் காரணத்தால், முதலாவது வகையை வாங்கியவர் வீட்டிலும், குழாயைப் பூட்டாமல் அலுமாரிக்குள்ளேயே வாயைத் திறந்து விட்டுவிட்டுப் போகும் வழக்கத்தை நான் கண்டிருக்கிறேன். மேல்தட்டில் வைத்த அரிசி மாவு பொரித்த மீன் மணப்பதன் காரணம் அந்த வீட்டாருக்கு நெடுநாள் விளங்கவில்லை.

வலை எண்ணெயைப் பிடிக்கும். கரித்தூள் மணத்தைப் பிடிக்கும். நீராவியையும், காபனீரொட்சைட்டையும், எல்லாவற்றிலும் கொடிதான காபனோரொட்சைட்டையும் இரண்டும் பிடிக்கமாட்டா. காற்றுப் போதாமல் எரியும் சுவாலையில் பிறக்கும் இந்தக் காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் சேர்ந்துகொள்ளும் சுபாவம் உண்டு. தலைவலியும் தலைச்சுற்றும் ஓங்காளமும் அதன் ஆரம்ப அடையாளங்கள். வெக்கையாலும் விரதத்தாலும் வந்த களைப்பென்று அவற்றை நம் பெண்கள் தள்ளிவிடுவார்கள். சுவாலை நீலமாக இருக்கும்வரை கவலை குறைவு. மஞ்சளாகி, சட்டியின் அடி கரிப்பிடிக்கத் தொடங்கினால், பேர்னரின் கண் அடைபட்டிருக்கிறது, அல்லது அறையில் காற்று வற்றுகிறது.

சமையலறை அடுப்பால் மாத்திரம் இந்த நஞ்சினால் மரணம் நேர்வது அருமை. நேரம் குறைவு, கதவு ஏதாவதொன்று திறந்திருக்கும். ஆனால் மூடிய அறையில் தொடர்ந்து எரியும் கருவியால் நேர்வது அருமையன்று. மும்பையிலும் பெங்களூருவிலும் குளியலறைக்குள் மாட்டிய காஸ் வெந்நீர்க் கருவிகளால் ஆரோக்கியமான இளந்தம்பதிகள் மடிந்த செய்திகள் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. அந்தக் கருவி நம் விருந்தினர் விடுதிகளுக்கு வரும் நாள் தூரத்திலில்லை.

## ஸ்காபரோவிலிருந்து வரும் ஆலோசனை

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் உறவினர்களோடு ஆலோசனைகளும் விமானமேறி வருகின்றன. அவர்களுக்கு எரிவாயுவோடு பரிச்சயமில்லையென்று சொல்லமுடியாது. ரொறன்ரோவிலும் அதன் கிழக்குப் புறமான ஸ்காபரோவிலும் ஆறு மாதக் குளிரை எங்கள் சனம் கழிப்பது நிலக்கீழ் அறையில் நிற்கும் காஸ் பர்னஸின் தயவினாலேயே.

அந்தப் பர்னஸின் தத்துவம் நாம் கற்கத்தக்கது. அதன் வயிற்றுக்குள் இரண்டு காற்றுகள் ஒன்றையொன்று தீண்டாமல் ஓடுகின்றன. ஒன்று, எரிபொருளோடு எரிந்து நச்சாகி வெளியே போகும் காற்று. மற்றது, அறைகளிலிருந்து இழுக்கப்பட்டு, சூடான உலோகச் சுவரைத் தடவிக்கொண்டு, மீண்டும் அறைகளுக்குச் செல்லும் காற்று. அந்த உலோகச் சுவர் இரண்டையும் பிரிக்கும் எல்லை. இழுக்கும் வழியில் ஒரு பில்ரர் இருக்கும்; 16 அங்குலத்துக்கு 25 அங்குலம், ஓரங்குலத் தடிப்பு, வழக்கமான அளவு. அதை மாதத்துக்கொருமுறை பார்த்து, மூன்று மாதத்துக்குள் மாற்றவேண்டும். தூசியால் அடைபட்ட பில்ரர் காற்றைக் குறைக்கும். காற்றுக் குறைந்தால் உலோகச் சுவர் அளவுக்கு மீறிச் சூடாகும். சூடு மீறும்போது பாதுகாப்பு ஆளி பர்னஸை நிறுத்தும். நின்றும் எரிந்தும் பல காலம் கழிந்தபின் அந்தச் சுவரில் வெடிப்பு விழும். வெடிப்பினூடாக நச்சுக்காற்று படுக்கையறைக்குள் போகும். அற்பமான அட்டைச் சட்டமொன்றில் தொடங்கும் சங்கிலி இது. சுத்தமான காற்று வேண்டுமென்று மிக நுண்ணிய பில்ரரை வாங்கிப் போட்டாலும் அதே விளைவு நேரக்கூடும், ஏனெனில் கண் நுண்ணியதாக ஆக, காற்றுக்கு இடையூறும் கூடுகிறது. கருவியின் விசிறி அதற்கு ஏற்றதா என்று கேட்டே வாங்கவேண்டும். வாடகைக்கு விட்ட பேஸ்மென்றில் இடம் காணாதென்று காற்று திரும்பும் துவாரத்தின் முன்னால் அலுமாரியை நிறுத்துவதும், பனிக்காலத்தில் வெளிச்சுவரிலுள்ள பிளாஸ்ரிக் குழாய்களின் வாய் பனியால் மூடப்படுவதைக் கவனியாது விடுவதும் இதே வகைப் பிழைகள்.

ஒன்ராறியோவில் பர்னஸ் பொருத்த உரிமம் பெற்ற தொழிலாளி வேண்டும். 2008 மார்கழியில் வூட்ஸ்டொக் நகரில், காஸ் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டதனால் ஒரு குடும்பத்தின் நால்வர் மாண்டார்கள். அதன் விளைவாக, உறங்கும் அறைகளுக்கு அருகே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி மாட்டுவதை 2013இன் சட்டமொன்று மாகாணம் முழுவதும் கட்டாயமாக்கியது.

அங்கேயுள்ள ஒழுங்கு இங்கே வரவேண்டும். அங்கேயுள்ள உயரம் வரக்கூடாது. கனடாவில் குழாய்வழி வருவது இயற்கை வாயு. அதன் பிரதான அங்கமான மெதேன் காற்றைவிட இலேசானது, கூரையை நாடும். கசிவு காட்டும் கருவியை அங்கே சுவரின் உச்சியில் மாட்டுவார்கள். அதே கருவியை அன்போடு வாங்கி வந்து, அதே உயரத்தில், உரும்பிராயிலோ சாவகச்சேரியிலோ உள்ள குசினியில் மாட்டிவிட்டு, அம்மா இனிப் பயமின்றிச் சமைக்கலாமென்று நிம்மதியடைவது எவ்வளவு பெரிய மயக்கம்! நமது வாயு தரையில் கிடக்கையில் கருவி முகட்டில் தவம் செய்துகொண்டிருக்கும். இங்கே அது தரையிலிருந்து ஓரடிக்குள் இருக்கவேண்டும். அதுவும் பெற்றோலிய வாயுவுக்கென்று செய்யப்பட்டதாக இருக்கவேண்டும்.

> பெட்டி: வாயு மணத்தால்
>
> மின் ஆளி எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். விசிறியும் அப்படியே.
>
> சிலிண்டர் வால்வை மூடவும். கதவையும் யன்னலையும், முக்கியமாகத் தரையோடு திறக்கும் வெளிக்கதவை, திறந்து விடவும்.
>
> கைத்தொலைபேசியை வளவுக்கு வந்தபின் எடுக்கவும்.
>
> சிலிண்டரைச் சரித்துக் கிடத்தவோ உருட்டவோ கூடாது. கிடந்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவம் வெளிவரும்.
>
> எவராவது மயங்கினால் முதலில் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, அதன்பின் 1990 இலக்கத்துக்கு அழைக்கவும்.

## விறகுக்குத் திரும்பிய ஆண்டு

வெடிப்புப் பீதி அடங்கும் முன்னரே அடுத்த அனர்த்தம் வந்தது. 2021 ஐப்பசியின் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 சித்திரையில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வீதியோரம் வரிசையில் விட்டுவிட்டு மக்கள் நாட்கணக்கில் காத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தவர் தடைக்காலத்தில் பெற்ற பயிற்சியினால் மற்றையோரைவிட விரைவாக விறகுக்குத் திரும்பினார்கள் என்று அப்பொழுது பெருமையாகப் பேசப்பட்டது.

திரும்பியது உண்மை. எங்கே திரும்பினார்கள்? பழைய குசினி இல்லை, இடித்தாயிற்று. வளவில் மூன்று கல்லை வைத்து எரித்தவர்கள் பாக்கியசாலிகள். மாடிவீட்டிலும் நகரத்து வாடகை அறையிலும் இருந்தவர்கள், புகைக்கூடு இல்லாத, கண்ணாடி யன்னல் சாத்திய, கொங்கிறீட் மூடிய அதே நவீனக் குசினிக்குள் விறகையும் சிரட்டைக்கரியையும் மூட்டினார்கள். காஸ் அடுப்புக்கே காற்றுப் போதாத அறையில் கரியடுப்பு என்ன செய்யும்? கரி தணலாகிக் கிடக்கும்போது புகை தெரியாது. காபனோரொட்சைட்டு மிகுதியாகப் பிறப்பதும் அப்பொழுதே. மின்வெட்டு நேரத்தில் பின்விறாந்தையில் ஓடிய ஜெனரேற்றர்களும் தம் பங்குக்கு அதே நஞ்சைச் சேர்த்தன.

அந்த ஆண்டு நமக்கு அறிவித்தது எரிபொருளின் நிலையாமையை. காஸ் போகும், மின்சாரம் போகும், விறகு வரும், மறுபடி காஸ் வரும். எது எரிந்தாலும் அதற்குக் காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வேண்டும். வீடு கட்டும்பொழுது எந்த அடுப்பென்று தீர்மானிப்பதற்கு முன் இந்த இரண்டு வழிகளையும் தீர்மானித்தவர், 2022இல் இருமாமல் சமைத்தார்.

## யார் பொருத்துவது?

சிலிண்டரைக் கொண்டுவரும் இளைஞன் ரெகுலேற்றரைப் பூட்டி, அடுப்பைப் பற்றவைத்துக் காட்டிவிட்டுப் போகிறான். அவன் வேலை அவ்வளவே. அவனைக் குறை கூறுவதற்கில்லை. அலுமாரியைச் செய்தவர் தச்சர். அவருக்கு அளவும் அழகும் தெரியும், வாயுவின் கனம் தெரியவேண்டிய அவசியமில்லை. ஹூட்டை மாட்டியவர் மின்வேலைக்காரர். சுவரைக் கட்டியவர் மேசன். வரைபடம் பிரதேச சபைக்குப் போய் அங்கீகாரம் பெற்று வருகிறது. நான் பார்த்த வரைபடங்களில் யன்னலும் கதவும் மலசலகூடக் குழியும் அளவோடு குறிக்கப்பட்டிருந்தன, குசினியின் தரைமட்டத் துவாரம் எதிலும் குறிக்கப்பட்டிருக்கவில்லை. நால்வர் கூடிச் செய்த காரியத்தில் காற்றுக்குப் பொறுப்பானவர் ஒருவருமில்லை. கலியாண மண்டபங்களின் பின்கட்டிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் ஒரே நேரத்தில் பல சிலிண்டர்கள் எரியும் இடங்களைப் பார்க்கும்பொழுது இந்தப் பொறுப்பின்மை இன்னும் அச்சந்தருவதாகிறது.

சபைகள் வரைபடத்தை அங்கீகரிக்கும்போதே இந்த இரண்டு வழிகளையும் கேட்டுப் பார்க்கலாம். அதற்குப் புதிய உத்தியோகமோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் குழாய் வேலை கற்கும் பிள்ளைகளுக்குக் காஸ் பொருத்துவதையும் ஒரு பாடமாக்கி, தேர்ந்தவருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தால், வீட்டுக்காரருக்கும் யாரைக் கூப்பிடுவதென்ற தெளிவு வரும். அதுவரை மேசனோடு வாதாடும் கடமை வீட்டுக்காரரையே சாரும்.

அந்த வாதம் இலேசானதன்று. தரையோடு ஓட்டை விடச் சொன்னால், பாம்பு பூருமென்பார். அவர் சொல்வது மெய்தான். மாரிகாலத்தில் பாம்பு பூரும், எலியும் பூரும், வெள்ளமும் வரும். பல வீடுகளில் கட்டும்போது விட்ட துவாரங்கள் பின்னர் பழந்துணியாலும் சீமெந்தாலும் அடைக்கப்பட்டதன் காரணம் இதுவே. துவாரத்தை வெளித்தரையிலிருந்து அரையடி உயர்த்தி, உள்தரையோடு சமமாக வைத்து, கால் அங்குலக் கண்ணுள்ள துருப்பிடியா உருக்கு வலையை உட்புறமாகப் பொருத்தி, வெளிப்புறத்தில் சாய்வான ஒரு சீமெந்துத் தட்டு வைத்தால், பாம்பும் மழையும் நிற்கும், காற்று நிற்காது. எண்ணெய்ப்பசையும் சிலந்திவலையும் தூசியும் சேர்ந்து அந்த வலை இரண்டு மூன்று மாதத்தில் அடைபட்டுவிடும். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது பழைய பல்துலக்கியால் அதையும் தேய்த்து விடவேண்டும்.